நூலகர் வகுப்புக்குள் வர வேண்டும்

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. முப்பது பெரிய பதிப்பகங்கள் வெளியிடும் ஏறத்தாழ 13,000 மின் ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டிவிடும். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் இருக்கும் உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் என்று 6,300-க்கும் மேற்பட்டவை இதற்குள் வருகின்றன. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. 2025 ஜனவரி 1-ஆம் தேதியே நடைமுறைக்கும் வந்துவிட்டது.

இதனால் என்ன மாறியது என்று நிதானமாகப் பார்ப்போம்.

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் முதுகலை படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை வேண்டுமென்றால், இதுவரை தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு அவள் திரும்ப வேண்டியிருந்தது. முழுக் கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்பார்கள். இப்போது கல்லூரியின் பயனர் கணக்கு வழியாக நுழைந்து முழுதாகப் படிக்கலாம். பெரிய பல்கலைக்கழக மாணவருக்கு மட்டும் கிடைத்துவந்தது அவளுக்கும் கிடைக்கிறது. இதை நான் மனதார வரவேற்கிறேன். சுயநிதிக் கல்லூரிகளை முதல் கட்டத்தில் சேர்க்கவில்லை என்ற குறை உண்டு. அது தீர வேண்டும்.

ஆனால் அந்தப் பெண் தேடுபெட்டியில் என்ன சொல்லைத் தட்டுவாள்? வந்து விழும் ஆயிரக்கணக்கான முடிவுகளில் எதை எடுப்பாள், எதை விடுவாள்? எடுத்ததை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வாள்? இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பள்ளியில் பாடப்புத்தகம் ஒன்றே போதுமாயிருந்தது. கல்லூரியில் நோட்ஸ் இருந்தது. திடீரென்று 13,000 இதழ்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

அந்த இடத்தில் தேவைப்படும் திறனுக்குத்தான் தகவல் எழுத்தறிவு என்று பெயர். 1974-இல் அமெரிக்கத் தகவல் தொழில் சங்கத்தின் தலைவராக இருந்த பால் சர்கோவ்ஸ்கி, அந்நாட்டின் நூலக ஆணையத்துக்கு எழுதிய அறிக்கையில் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். 1989-இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழு ஒன்று அதற்கு எல்லை வகுத்தது. தகவல் தேவைப்படுகிறது என்று உணர வேண்டும், அதைத் தேடி எடுக்க வேண்டும், எடுத்ததை எடைபோட வேண்டும், பிறகு முறையாகப் பயன்படுத்த வேண்டும். இந்த நான்கில் முதலாவதுதான் கடினம் என்பது என் எண்ணம். தனக்கு எது தெரியவில்லை என்று தெரிந்தவர்தான் தேடவே தொடங்குவார்.

பெயர் அங்கே பிறந்தது. வேலை நமக்குப் புதிதில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டே லண்டன் போய் நூலகவியல் படித்தார், அங்குள்ள நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். திரும்பி வந்தவர், வாசகர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி அலமாரிகளைத் திறந்துவிட்டார். திறந்ததோடு வேலை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை. அத்தனை புத்தகங்களின் முன் திகைத்து நிற்கும் வாசகருக்கு அருகில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் என்ன தேடுகிறார் என்று கேட்டு, சேர வேண்டிய நூலிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றார். ரெஃபரன்ஸ் சேவை என்று இன்று நாம் சொல்வது அதுதான். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்வது. தேடத் தெரியாத வாசகருக்கு அடுக்கைத் திறந்துவிட்டு மட்டும் இருந்தால் அவர் நேரம் எப்படி மிஞ்சும்?

திறப்பும் துணையும் சேர்ந்தே வர வேண்டும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன் நம் சென்னையில் ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 2025-இல் திறப்பு வந்திருக்கிறது. துணை எங்கே என்பதுதான் என் கேள்வி.

நூலகங்கள் எதுவுமே செய்வதில்லை என்று சொன்னால் அது அநியாயம். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் புது மாணவர்களுக்கு ஓரியண்டேஷன் நடக்கிறது. அறுபது, எழுபது பேரைக் கூட்டமாக அழைத்துவந்து, இது பருவ இதழ்ப் பகுதி, இது கணினிப் பகுதி, அட்டைக்கு இத்தனை புத்தகம், தாமதமானால் இத்தனை ரூபாய் என்று சொல்லி, ஒரு நூலகர் தொண்டை வறளப் பேசுவார். அந்த மாணவருக்கு அன்றைக்கு எந்தப் புத்தகமும் தேவையில்லை, எந்தக் கட்டுரையும் எழுத வேண்டியதில்லை. தேவை வராத நேரத்தில் சொன்னது தேவை வரும்போது நினைவில் இருக்காது. அசைன்மென்ட் கொடுத்து, நாளை மறுநாள் முடிக்க வேண்டும் என்ற இரவில் அவர் தனியாகத்தான் இருக்கிறார், கையில் செல்பேசியோடு.

இன்னொரு முனையில் முனைவர் பட்ட ஆய்வாளர் இருக்கிறார். பல பல்கலைக்கழகங்களில் அவர் நூலகரை நெருக்கமாகச் சந்திப்பது ஆய்வேடு எழுதி முடித்த பிறகு, சிமிலாரிட்டி சான்றிதழ் வாங்கும்போது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை போனால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவு ரத்து. நான்கைந்து ஆண்டு உழைத்த ஒருவர், மேற்கோள் காட்டுவது எப்படி, பிறர் கருத்தைத் தன் நடையில் சொல்லிப் பெயர் குறிப்பது எப்படி என்பதை அந்தச் சான்றிதழ் மேசையில்தான் கற்கிறார். சொற்களை மாற்றிப் போட்டுச் சதவீதத்தைக் குறைக்கும் வித்தையையும் அப்போதே கற்றுவிடுகிறார். முதல் ஆண்டில் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த மேசைக்கு அவர் பயந்துகொண்டு வந்திருக்க மாட்டார்.

ஆக, முதல் வாரம் மிக முன்னதாக, கடைசி வாரம் மிகப் பிந்தி. இரண்டுக்கும் நடுவில், வேலை நடக்கும்போது நூலகர் அங்கே இருக்க வேண்டும். இருந்தால் என்ன ஆகும் என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இது கொஞ்சம் நீளம்.

ஒரு வரலாற்று மாணவி நூலகத்துக்கு வந்து, “நீர் மேலாண்மை பற்றி ஏதாவது இருக்கா மேடம்?” என்று கேட்கிறாள் என்று வையுங்கள். நல்ல நூலகர் உடனே அலமாரியைக் காட்ட மாட்டார். “எந்த ஊர்ப்பா? எந்தக் காலம்? ஆறா, ஏரியா, கிணறா? யார் பராமரிச்சாங்கன்னு பார்க்கிறியா, எப்படிக் கட்டினாங்கன்னா?” என்று கேட்டுக்கொண்டே போவார். பத்து நிமிடப் பேச்சில், அவளுக்கு வேண்டியது செங்கல்பட்டுப் பகுதி ஏரிகளில் ஆங்கிலேயர் காலத்துக் குடிமராமத்து என்று தெளிவாகும். ஊரார் கூடித் தங்கள் ஏரியின் கரையையும் வாய்க்காலையும் பழுதுபார்க்கும் அந்த வழக்கத்தைப் பற்றி எழுதத்தான் அவள் வந்திருக்கிறாள். அவள் மனத்தில் இருந்ததை அவளுக்கே தெளிவாக்கிய அந்தப் பத்து நிமிடம்தான் பாதிப் பாடம்.

இனி தேடல். ‘குடிமராமத்து’ என்று இணையத்தில் தட்டினால் கூட்டமாக வந்து நிற்பது 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் தொடங்கிய திட்டத்தின் செய்திகள். அவளுக்கு வேண்டியது அதற்கு நூறு, நூற்றைம்பது ஆண்டு முந்தையது. ஆக, கால எல்லை போட வேண்டும். அடுத்து எழுத்துக்கூட்டு. ஆங்கில ஆவணங்களில் இந்தச் சொல்லின் கடைசிப் பகுதியை எழுதுபவருக்கு எழுதுபவர் மாற்றி எழுதியிருக்கிறார்கள், மராமத், மராமட், மராமுட் என்று. ஒன்றை மட்டும் தட்டினால் மற்றவற்றில் இருக்கும் நூல்கள் கண்ணில் படாது. எல்லாவற்றையும் ‘ஆர்’ (OR, அதாவது ‘அல்லது’) என்ற இணைப்புச் சொல்லால் கோத்து ஒரே தேடலாகப் போட வேண்டும். ஊர்ப் பெயருக்கும் இதே கதை. செங்கல்பட்டு அக்காலப் பதிவுகளில் சிங்கிள்புட். தஞ்சாவூர் டாஞ்சூர், திருநெல்வேலி டின்னவெல்லி, திருச்சி டிரிச்சினாபொலி. உலகப் பல்கலைக்கழக நூலகப் பட்டியல்களிலோ தமிழ் நூல்களின் பெயர்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ரோமன் எழுத்துமுறையில் இருக்கும். ‘திருக்குறள்’ என்பதை நாம் ஆங்கிலத்தில் எழுதும் பழக்கத்துக்கும் அந்த முறைக்கும் நடுவில் எழுத்துகள் மாறும். இது தெரியாமல் தேடிவிட்டு, தமிழில் ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. இருக்கிறது. அந்தப் பெயரில் இல்லை, அவ்வளவுதான்.

தமிழில் தேடும்போது இன்னொரு சிக்கல் சேர்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் ஏராளம். திரையில் தமிழ் தெரியும், தேடினால் அகப்படாது. பழைய புத்தகங்களை வெறும் படங்களாக வருடி ஏற்றிய பிடிஎஃப்களும் அப்படியே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய நூலகம் தளத்திலும் அருமையான நூல்கள் கிடைக்கின்றன. ஆனால் படமாக இருக்கும் நூலில் தலைப்பையும் ஆசிரியரையும் வைத்து நூலைப் பிடித்து, உள்ளே பொருளடக்கத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும். உள்ளடக்கச் சொல்லைத் தட்டிவிட்டு ஏமாந்து திரும்பக் கூடாது. இதைச் சொல்லித்தர ஆங்கிலப் பாடநூல் எதுவும் உதவாது. தமிழ் நூல்களோடு பழகிய நூலகர்தான் உதவுவார்.

மேலும் ஒன்று. அந்த மாணவிக்கு வேண்டிய மூலங்களில் முக்கியமானது இணையத்துக்கு வெளியே இருக்கலாம். வருவாய் வாரியத்தின் நடவடிக்கைப் பதிவுகள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய தமிழ் அச்சு நூலுக்கும் இதழுக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஏற்கெனவே யாராவது இதே தலைப்பில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தால் அந்த ஆய்வேடு சோத்கங்கா களஞ்சியத்தில் இருக்கக்கூடும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அதன் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவர்களைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கியும் போகலாம். இத்தனையும் ஒரு மணி நேரப் பாடம். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு ஒரு பருவத்தையே மிச்சப்படுத்தும்.

தேடி எடுத்தாயிற்று. நம்பலாமா?

நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் வழக்கமான அறிவுரை, கவனமாகப் படி என்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு அந்த அறிவுரை போதாது என்று காட்டியது. நாற்பத்தைந்து பேரைக் கணினி முன் உட்காரவைத்தார்கள். இருபத்தைந்து பேர் அப்பல்கலைக்கழக மாணவர்கள், பத்துப் பேர் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள், பத்துப் பேர் செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்பவர்கள். குழந்தைநல மருத்துவம் பற்றிய இரண்டு அமைப்புகளின் தளங்களைக் காட்டி எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கி, பல்லாயிரம் மருத்துவர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கம். மற்றொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு தளங்களும் பார்வைக்கு ஒழுங்கானவை. மாணவர்களும் வரலாற்றாசிரியர்களில் பலரும் அந்தப் பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழ்வரை கவனமாகப் படித்து, தோற்றத்தையும் சான்றுக் குறிப்புகளையும் பார்த்துக் குழம்பினார்கள். உண்மை சரிபார்ப்பவர்களோ சில நொடிகளில் பக்கத்தைவிட்டு வெளியேறினார்கள். புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள். குறைவாகப் படித்தார்கள், சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

இந்த ஒரே பழக்கத்தை, வெளியே போய் விசாரிப்பதை, பல்கலைக்கழகத்தில் ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுத்தால் போதும் என்றுகூட எனக்குத் தோன்றும். பெண் எடுக்கும் வீட்டைப் பற்றி அந்த வீட்டாரிடமே கேட்டு முடிவெடுப்பதில்லையே நாம், அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம்.

ஆய்விதழ்களுக்கு இது உயிர்நாடி. 2013-இல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், அடிப்படைப் பிழைகள் நிறைந்த ஒரு பொய்யான மருந்து ஆய்வைத் தயாரித்து, அதன் வெவ்வேறு வடிவங்களை 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவர் குறிவைத்த இதழ்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இந்தியாவிலிருந்து நடப்பவை. முடிவுகளை ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்டது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இந்தக் கூட்டத்தைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு ‘கேர்’ என்ற பட்டியலை 2019-இல் கொண்டுவந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் அனுப்பலாம், இல்லையென்றால் வேண்டாம். ஆய்வாளர்கள் பட்டியலை மட்டும் பார்க்கப் பழகினார்கள். 2025 பிப்ரவரியில் மானியக் குழு அந்தப் பட்டியலையே நிறுத்துவதாக அறிவித்து, இதழின் தரத்தைப் பார்ப்பதற்கான அளவுகோல்களை மட்டும் பரிந்துரைத்தது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது ஆய்வாளரிடமும் கல்லூரியிடமும் வந்துவிட்டது. சந்தா வந்த அதே ஆண்டில் பட்டியல் போனது. இரண்டுமே கைபிடித்து நடந்தவரைத் தனியே நடக்கச் சொல்கின்றன.

அப்படி நடக்கும்போது இதழின் தளத்தில் பளபளக்கும் சொற்களை நம்பாமல், ஆசிரியர் குழுவில் பெயர் உள்ள பேராசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் அதைக் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். திறந்த அணுகல் இதழ்களின் பன்னாட்டுக் கோவையில் தேட வேண்டும். நல்ல இதழின் பெயரைத் திருடி வேறு முகவரியில் தளம் நடத்துகிறவர்களும் இருப்பதால் முகவரியையும் ஒப்பிட வேண்டும். ஒரே வாரத்தில் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்பீர்கள். 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி எழுதிக்கொடுத்த முன்தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் காட்டினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அவர்களில் ஒருவர் சந்தேகம் வந்து சரிபார்த்திருக்கிறார் என்பது. யாரிடம்? அதே சாட்ஜிபிடியிடம். உண்மையான வழக்குகள்தான் என்று அது சொல்லியிருக்கிறது. மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளிலும் இல்லாத நூல், எழுதாத ஆசிரியர், வராத இதழ் என்று மேற்கோள்கள் வரத் தொடங்கிவிட்டன. கருவியைத் தடைசெய்வதால் இது தீராது. கருவி கொடுத்த ஒவ்வொரு தலைப்பையும் நூலகப் பட்டியலிலும் இதழின் சொந்தத் தளத்திலும் போய்ப் பார், கிடைக்காவிட்டால் அடித்துவிடு என்று பழக்க வேண்டும்.

இதையெல்லாம் யார், எப்போது கற்பிப்பது? முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வு, பதிப்பு நெறிகள் பற்றிய இரண்டு கிரெடிட் பாடத்தை மானியக் குழு 2019 டிசம்பரில் கட்டாயமாக்கியது. முப்பது மணி நேரம். தரவுத்தளங்கள், பதிப்பு முறைகேடுகள் எல்லாம் அதன் பாடத்திட்டத்தில் உண்டு. அதில் தேடலும் மதிப்பீடும் வரும் மணிகளை நூலகரிடம் கொடுத்து, கணினி முன் உட்காரவைத்து, ஆய்வாளரின் சொந்தத் தலைப்பிலேயே செய்யவைக்க வேண்டும். ஸ்லைடு போட்டு வாசித்தால் பயன் கிடையாது.

இளங்கலை மாணவர்களுக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை. அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், பெரும்பாலோர் ஆய்வுக்குப் போகாதவர்கள். வாட்ஸாப்பில் வரும் மருத்துவக் குறிப்பையும் வேலைவாய்ப்பு மோசடியையும் எடைபோட வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தனிப் பாடம் வேண்டாம் என்பதே என் கருத்து. இருக்கும் பாடத்துக்குள், ஓர் அசைன்மென்ட்டுக்குள் இதை வைக்கலாம். கட்டுரையோடு ஒரு பக்கத் தேடல் குறிப்பும் கொடுக்கச் சொல்லுங்கள். என்னென்ன சொற்களில் தேடினேன், எங்கே தேடினேன், கிடைத்ததில் எதை ஒதுக்கினேன், ஏன் ஒதுக்கினேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுதும் பதில் ஒரு மாணவரின் வளர்ச்சியைக் கட்டுரையைவிட நன்றாகக் காட்டும். இன்டர்னல் மதிப்பெண்ணில் ஐந்தை அதற்கு ஒதுக்கி, அந்த ஐந்தை நூலகரும் ஆசிரியரும் சேர்ந்து போடட்டும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் மாணவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். அது அவர்கள் பிழையுமில்லை, அப்படித்தான் வளர்த்திருக்கிறோம்.

நூலகர் பணியிடத்தைக் காலியாக வைத்துவிட்டு இதில் எதையும் பேச முடியாது. இருக்கிற நூலகரைப் புத்தகக் கணக்குக்கும் தர ஆய்வுக் கோப்புகளுக்குமே கட்டிப்போட்டாலும் முடியாது. 6,000 கோடிக்குச் சந்தா கட்டும் நாடு, அதைப் பயன்படுத்தக் கற்பிக்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தயங்கினால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி பயன்படாமலே போகும்.

பேராசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் நீங்கள் கொடுக்கப்போகும் அசைன்மென்ட்டின் தலைப்பை இந்த வாரமே உங்கள் நூலகரிடம் காட்டுங்கள். மாணவர்கள் எழுதத் தொடங்கும் வாரத்தில் ஒரு பிரிவேளையை அவருக்கு விட்டுக்கொடுத்து, நீங்களும் வகுப்பில் உட்காருங்கள். மாணவர்களே, நூலகருக்குத் தொந்தரவு என்று தயங்காதீர்கள். அலமாரி எங்கே என்று கேட்காமல், என் தலைப்பு இது, எப்படித் தேடுவது என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வதுதான் அவருடைய வேலை.